கன்னத்தின் வெளிப்பக்கம்

பல் வைத்தியர் செபநாயகத்தைக் கெட்ட மனிதர் என்று சொன்னவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இல்லை. கரைச்சல் பிடித்த மனிதர் என்று சொல்லாதவர்களும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்துப் பிரம்பின் கீழ் வளர்ந்தவர். எங்காவது ஒரு சுவரில் ஒழுங்குவிதி என்று ஏதாவது எழுதி ஒட்டியிருந்தால், நின்று கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நகருவார். அரசாங்கப் பொலிஸ் போய், சந்திகளில் மாடுகள் மட்டும் நின்ற தொண்ணூற்றோராம் ஆண்டிலும், சைக்கிளில் வலப்பக்கம் திரும்புவதென்றால் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினார். யாருக்குக் காட்டினார் என்பது அந்த மாடுகளுக்குத்தான் தெரியும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, படித்தவன் எல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் ஸ்கொட்லாந்தில் இருந்து விமானத்தில் வந்து இறங்கினார். அங்கே ஒரு வருடம், உடைந்த தாடையைப் பொருத்தவும் கிழிந்த முகத்தைத் தைக்கவும் பழகிக்கொண்டிருந்தவர். அங்கேயே இருந்திருக்கலாமே என்று சொந்தக்காரர் வாயில் அடித்துக்கொண்டார்கள். படிப்பு லீவு எடுக்கும்போது திரும்பி வருவேன் என்று கையெழுத்து வைத்ததாக இவர் விளக்கம் சொன்னார். கையெழுத்து வைத்தவன் எல்லாம் திரும்பி வந்திருந்தால் கட்டுநாயக்காவில் இறங்க இடம் போதாமல் போயிருக்கும். ஆனால் இவர் வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பல் பிரிவில் வேலை, திருநெல்வேலியில் பலாலி வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் வீடு, தட்டச்சுத் தெரிந்த மனைவி மார்கிரட். இவ்வளவுதான் மனிதர்.

அவருடைய கையைக் கட்டிப்போட்ட ஒழுங்குவிதி ஒன்று இருந்தது. பல் வைத்தியர் ஒருவர் வாய்க்குள்ளும் தாடையிலும் என்ன வேலையும் செய்யலாம். முகத்தின் தோலில் கைவைப்பதென்றால் அது அவசரமாக இருக்கவேண்டும். உயிர் ஆபத்து, இரத்தப் பெருக்கு, திறந்த காயம், இப்படி ஏதாவது. அவசரமில்லாமல், முகம் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் செய்யும் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பில் உள்ள ஒரு குழுவிடம் தனியாக அனுமதி எடுக்கவேண்டும். கேட்டால் நியாயமாகத்தான் படும். பல்லுப் பிடுங்குகிறவன் எல்லாம் மூக்கைச் செதுக்கத் தொடங்கினால் நாடு என்னாகும்? ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் ஷெல் விழும் ஊரை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பகல். ஷெல்லில் அடிபட்டவர்களை டிராக்டரிலும் வாழைக்குலை ஏற்றும் வண்டியிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். சத்திரசிகிச்சை நிபுணர்கள் வயிற்றோடும் காலோடும் மாரடித்துக்கொண்டிருந்தபடியால் முகங்கள் எல்லாம் செபநாயகத்திடம் வந்தன. அன்றைக்கு இருபத்து மூன்று முகங்கள். மின்சாரம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. முகத்துக்குரிய மெல்லிய நூல் பதினோராவது ஆளோடு முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு வயிறு தைக்கும் தடித்த நூல்தான். பதினேழாவதாகப் படுத்தியவள் ஓர் இளம்பெண். நினைவு இல்லை. இடது கன்னம் காதடியில் இருந்து உதட்டு ஓரம் வரைக்கும் திறந்து கிடந்தது. இருபது நிமிடத்தில் தைத்து முடித்தார். வாசலில் பதினெட்டாவது ஆள் கத்திக்கொண்டிருந்தான். அவளுடைய பெயரை அவர் கேட்கவில்லை. அவளுக்கும் தைத்தவர் யாரென்று தெரியாது.

ஒன்றரை வருடம் கழித்துத் திருநெல்வேலிச் சந்தையில் அந்தக் கன்னத்தைக் கண்டார். ஒரு பெண் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். தழும்பு கயிறு மாதிரித் தடித்து, இரண்டு பக்கமும் நூல் இழுத்த அடையாளங்களோடு, உதட்டு ஓரத்தை மேலே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. யாரையோ நக்கலடிப்பதுபோல எந்நேரமும் ஒரு முகம். தன் கைத்தையலை யாருக்குத் தெரியாது? அன்று இரவு வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்திலேயே கிட்டப் போய், தான் இன்ன ஆஸ்பத்திரியின் பல் வைத்தியர் என்று சொல்லி, அந்தத் தழும்பை வெட்டி எடுத்து மெல்லிய கோடாக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தைத்தது தான்தான் என்ற வசனத்தை மட்டும் விழுங்கினார்.

அவள் பெயர் ஞானாம்பிகை. நீர்வேலியில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். தனக்கு அது பழகிப்போய்விட்டதாகச் சொன்னாள். இவர் விடவில்லை. அது ஒரு மணித்தியால வேலை, விறைக்க ஊசி போட்டுச் செய்யலாம், மயக்கவே தேவையில்லை என்று கத்தரிக்காய்க்காரி வாய்பார்க்க விளங்கப்படுத்தினார். அடுத்த கிழமை அவள் தகப்பன் தம்பிஐயாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தம்பிஐயா வாழைத்தோட்டக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். ஒரு கேள்வி மட்டும் கேட்டார். செய்த பிறகு எவ்வளவு தெரியும்? தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு, அதுவும் கிட்ட வந்து பார்த்தால்தான், என்றார் செபநாயகம். தகப்பனும் மகளும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள்.

சத்திரசிகிச்சைக் கூடத்து மூத்த தாதி, சும்மா செய்துவிடுங்கோ, இந்தக் காலத்திலை ஆர் வந்து கேக்கப்போகினம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"நான் கேப்பன்," என்றார் செபநாயகம்.

அந்த ஒரு மணித்தியால வேலைக்கான விண்ணப்பப் படிவம் கொழும்பில் இருந்து வந்து சேரவே இரண்டு மாதம் எடுத்தது. தபால் பருத்தித்துறைக்குக் கப்பலில் வந்த காலம். கப்பல் வந்தால் கடிதம், வராவிட்டால் இல்லை. படிவம் ஆறு பக்கம். ஸ்கொட்லாந்துப் பயிற்சிக்கு அத்தாட்சி வேண்டும். ஆஸ்பத்திரித் தலைவரின் கடிதம் வேண்டும். இதுவரை தைத்த முகங்களின் பட்டியல் வேண்டும், அதுவும் திகதியோடு. நோயாளியின் சம்மதம் வேண்டும். முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்கள் வேண்டும். படங்களில் யாரும் பிறகு கைவைக்காதிருக்க, படம்பிடிப்பவரே உறையில் போட்டு ஒட்டி அரக்கு வைக்கவேண்டும், வைத்தியர் அதைத் திறக்காமல் அனுப்பவேண்டும். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: காயத்தை முதலில் தைத்தவர் யார்?

மார்கிரட் தட்டச்சு யந்திரத்தில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கடை பேரையோ போடுறது?"

"ஓம்."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?"

அவர் எழுந்து போய், நீர் நிரம்பியே இருந்த பானைக்குள் நீர் இருக்கிறதா என்று பார்த்தார். கொழும்புக்குப் பொய் சொல்ல அவருக்கு வராது. நீர்வேலிக்கு உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. முகம் சரியாகட்டும், பிறகு சொல்லலாம், அப்போது அது ஒரு பெரிய விஷயமாகவே இராது என்று கணக்குப் போட்டிருந்தார். கோழையின் கணக்கு. மார்கிரட் அவருடைய பெயரைத் தட்டினாள்.

படம் பிடிக்க அவளைத் திருநெல்வேலியில் ஸ்ரூடியோ வைத்திருந்த அருளம்பலத்திடம் அனுப்பினார். பிலிம் கண்ணில் காண முடியாத காலம். அருளம்பலம் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு சுருளை இந்தக் காரியத்துக்காக எடுத்தார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கிற மாப்பிள்ளைமாருக்கு வலிகாமத்தில் இருந்து போன பெண்களின் படங்களில் பாதி அவர் எடுத்தவை. அரக்கு வைத்த உறையைத் தானே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். செபநாயகம் விதிப்படி திறக்கவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. அரக்கின் குறுக்கே கையெழுத்து வைத்து அனுப்பினார்.

பிறகு காத்திருப்பு. ஞானாம்பிகை மாதத்தில் ஒருதரம் பள்ளிக்கூடம் முடிந்து சைக்கிளில் வருவாள். கடிதம் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பார். சரி டொக்டர் என்று போவாள். கப்பல் வந்த கிழமைகளில் இரண்டுதரம் வந்தாள். சந்தையில் சிரித்தது மாதிரி அவள் பிறகு சிரித்ததை அவர் காணவில்லை. இதையெல்லாம் அவர் கவனித்தார். கவனித்து, குழுவின் மேல் கோபப்பட்டார். தன்மேல் படவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. இணைத்து அனுப்பிய படங்களைக் குழு நுணுக்கமாகப் பரிசீலித்ததாம். நோயாளியின் முகத்தில் சத்திரசிகிச்சை வேண்டிய குறைபாடு எதுவும் காணப்படவில்லையாம். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறதாம். செபநாயகம் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தார். குருடர்களையா பிடித்து இருத்தியிருக்கிறார்கள் என்று வாய்விட்டே திட்டினார். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு பேச்சு வந்து மார்கிரட் கேட்டதில்லை. பிறகுதான் திருப்பி அனுப்பியிருந்த படங்களை உறையில் இருந்து எடுத்தார்.

படத்தில் இருந்தவள் அழகான பெண். இரண்டு கன்னமும் ஒன்றுபோல் வழுவழுவென்று, உதடு நேராக, கழுத்தில் சங்கிலியோடு, எந்த மாப்பிள்ளைக்கும் அனுப்பக்கூடிய படம்.

படங்களைக் கையில் பிடித்தபடியே சைக்கிளை மிதித்தார். அன்றைக்குச் சந்தியில் கைகூடக் காட்டவில்லை. அருளம்பலம் கதிரையை இழுத்துப் போட்டு வரவேற்றார். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று அவரே முந்திக்கொண்டு கேட்டார். செபநாயகம் தழும்பு எங்கே என்று ஒருமாதிரிக் கேட்டு முடித்தார்.

"குமர்ப்பிள்ளையின்ரை படம், டொக்டர்," என்றார் அருளம்பலம். "கொழும்பிலை பத்து ஆம்பிளையள் மேசையிலை பரப்பி வைச்சுப் பாக்கப்போகினம். அதை அப்பிடியே அனுப்ப எனக்கு மனம் வருமோ? நெகற்றிவ்விலை பென்சிலோடை மூண்டு நாள் இருந்தனான்."

அந்த மனிதரை என்ன செய்வது? அடிக்கவா முடியும்? அவர் செய்தது தொழில் வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணின் படம் ஊர் தாண்டிப் போவதென்றால் அதில் மறு, பரு, தழும்பு இருக்கக்கூடாது. இருந்தால் படம்பிடித்தவனுக்கு வெட்கம். பெண்ணைப் பெற்றவர்களும் அதைக் கேட்டு வாங்குவதில்லை, நன்றி சொல்லுவதுமில்லை. சொல்லாமலே நடக்கிற மரியாதை அது. உறையை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் செபநாயகம் கண்டுபிடித்திருப்பார். விதி திறக்கவேண்டாம் என்றது, அவர் திறக்கவில்லை. ஊர் அதன் ஒழுங்கைக் காத்தது, அவர் தன்னுடைய ஒழுங்கைக் காத்தார், ஏழு மாதம் வீணாகப் போயிற்று. நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுபடி படம் எடுக்கப் பிலிம் இல்லை. கிளாலிக் கடலால் படகில் கொழும்புக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவரும் வரைக்கும் ஐந்து மாதம். இந்தமுறை செபநாயகம் கூடவே போய் நின்றார். தழும்பு நன்றாக விழவேண்டும், வெளிச்சத்துக்கு அந்தக் கன்னத்தைத் திருப்பும்படி அவளிடம் சொன்னார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னார். அவர் சொன்னபடி அவள் திருப்பிக்கொண்டு கண்ணை மூடாமல் இருந்தாள். அருளம்பலம் படத்தை எடுத்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறு படிவம், மறு அத்தாட்சி, மறு அரக்கு. ஐந்தாம் பக்கத்தில் மறுபடியும் அதே பெயர்.

இதற்கிடையில் முகம் கிழிந்து வந்தவர்களை அவர் தைத்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கு அவரிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் தைத்தார், ஒருதரம் சைக்கிள் டைனமோவைச் சுற்றச் சொல்லி அந்த வெளிச்சத்தில் தைத்தார். அவசரத்தில் எப்படித் தைத்தாலும் சரி, ஆறுதலாக இருந்து வடிவாகத் தைப்பதுதான் குற்றம். இதை அவர் மார்கிரட்டுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்பாள். உடனே அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆவணியில் இரண்டாவது பதில் வந்தது. படத்தில் குறைபாடு தெளிவாகத் தெரிவதைக் குழு ஏற்றுக்கொள்கிறதாம். காயத்தை முதலில் தைத்தவர் விண்ணப்பதாரரே என்பதையும் குழு கவனித்ததாம். அந்தத் தையலின் தரம் திருப்திகரமாக இல்லையாம். முகத்தில் இவ்வாறான வேலையைச் செய்த ஒருவருக்கு, அவசரமற்ற முகச் சத்திரசிகிச்சை செய்யும் அனுமதியை வழங்க முடியாதாம்.

தழும்பு தெரியாத படத்தைப் பார்த்துச் சத்திரசிகிச்சை தேவையில்லை என்றவர்கள், தழும்பு தெரிந்த படத்தைப் பார்த்துச் செபநாயகம் தேவையில்லை என்றார்கள். பட்டியலில் இருபத்து மூன்று முகம் ஒரே திகதியில் கிடந்தது, அது ஏன் என்று எழுதப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. தடித்த நூல் என்று எழுத இடம் இருக்கவில்லை. பெயர் எழுத மட்டும்தான் இடம். மேல்முறையீடு என்று நாலு கடிதம் எழுதிப் பார்த்தார். நாலையும் கிழித்தார். அவர்கள் சொன்னதில் எதைப் பொய் என்று எழுதுவது? தையல் மோசம்தான். அவருக்குத் தெரியாததா?

எப்படி அவளிடம் சொல்வது என்று மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தார். அனுமதி கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம், காரணத்தை விடலாம் என்று நாலாம் நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். அன்றைக்கே அவள் வந்தாள். கையில் ஒரு கடிதம். பிரதி நோயாளிக்கு என்று அடியில் போட்டு, குழு அவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தது. எதில் பிந்தினாலும் அந்தப் பிரதியை அனுப்புவதில் அவர்கள் பிந்தவில்லை.

பல் பிரிவில் வேறு ஆட்கள் இல்லை. அவள் கடிதத்தை மேசையில் வைத்து, இரண்டாம் பந்தியில் விரலை வைத்தாள்.

"இது நீங்கள் தைச்சதோ, டொக்டர்?"

"ஓம், பிள்ளை."

"சந்தையிலை கண்டபோதே தெரியுமோ?"

"ஓம்."

அவர் நூலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வெளிச்சம் இல்லாததைச் சொன்னார். மெல்லிய நூல் பதினோராவது ஆளோடு முடிந்ததைச் சொன்னார், அவள் பதினேழாவது ஆள் என்பதையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். இரண்டரை வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு, ஆனால் சொல்லி முடித்தபோது அவருக்கே அது படிவத்தின் ஏழாம் பக்கம் மாதிரிக் கேட்டது.

"தைச்சதுக்கு எனக்கென்ன கோவம்?" என்றாள் ஞானாம்பிகை. "அண்டைக்கு நீங்கள் தைக்காட்டி நான் இல்லை. சந்தையிலை அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலையே உங்களைக் கும்பிட்டிருப்பன். அதோடை முடிஞ்சிருக்கும்."

அவர் கதிரையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் விழுந்த ஷெல், எனக்கும் விழுந்தது எண்டுதான் இருந்தனான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்கூட மறந்திட்டுதுகள். நீங்கள் வந்து இதைப் பிழையெண்டு சொன்னபிறகுதான் எனக்கு இது பிழையாத் தெரிஞ்சது. ரெண்டரை வருசம் டொக்டர். கண்ணாடிக்கு முன்னாலை இருந்து எழும்பேல்லை நான். எங்கடை ஐயா, வீட்டுக் கண்ணாடியைக் கழட்டி ஒளிச்சும் வைச்சுப் பாத்திட்டார்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கேட்பது? தைத்ததற்கு மன்னிப்பு அவளே கொடுத்துவிட்டாள். குழுவுக்காக அவர் மன்னிப்புக் கேட்க முடியாது. மிச்சம் இருந்தது சந்தையில் விழுங்கிய ஒரு வசனம்தான். தழும்பை வெட்டி எடுக்க நின்றதும், அந்த வசனத்தை இத்தனை காலம் விழுங்கியபடியே இருந்ததும் அவளுக்காக இல்லை, தன் கைவேலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல்தான் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. இப்படி ஒரு வெட்கம் அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தார். அவள் போய்ப் பல் கதிரையில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

"நான் வந்தது பல்லுக்கு. கீழை, இந்தப் பக்கம், ரெண்டு நாளாக் கொதி. இதுக்கும் கொழும்புக்கு எழுதவேணுமோ?"

"தேவையில்லை," என்றார் செபநாயகம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவள் வாயைத் திறந்தபோது தழும்பு இழுபட்டு வெளுத்தது. அவர் அதைப் பார்க்காமல், கன்னத்தை ஒதுக்குவதற்காக விரலை உள்ளே விட்டார். உள்ளேயும் இருந்தது. முடிச்சு முடிச்சாக, காதுப் பக்கத்தில் இருந்து உதடு வரைக்கும், அன்றைக்குப் போட்ட ஒவ்வொரு தையலும் விரலில் தட்டுப்பட்டது. அந்த உட்பக்கத்தில் அவர் என்ன செய்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. வாயை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லிவிட்டு, கொதிக்கிற பல்லைத் தேடினார்.